பறவை அறிஞர் சாலிம் அலி

காவிரியின் கிளையாறுகள் சோழநாட்டு வயல்களை வளப்படுத்திக் கடலைச் சேரும் பகுதிக்குத் தெற்கே கோடிக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. அது பழைய தஞ்சை மாவட்டத்தின் கடற்கோடி. கடைமடையில் வடியும் நன்னீரும் மழைநீரும் அங்கே கடல்நீருடன் கலக்கின்றன. ஐப்பசியில் மழை தொடங்கியதும் அச்சதுப்பு நிலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் வந்து கூடும். அவற்றுட் சில சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வருபவை. கோடிக்கரையின் இச்சிறப்பை 1960-களில் உலகறியச் செய்தவர் சாலிம் அலி.

அவர் 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரை மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். வேட்டையில் விருப்பமுடைய மாமன், மருமகனுக்குச் சிறு காற்றுத் துப்பாக்கி ஒன்றை அளித்தார். ஒரு நாள் சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் தீட்டினாற்போல் இருந்தது. அஃது எவ்வினம் என மாமனாலும் கூற இயலவில்லை. சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு அப்பறவையின் பெயரைக் கூறியதோடு நில்லாது, பேழை பேழையாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். கொன்ற பறவையின் பெயரை அறியச் சென்ற சிறுவனின் வாழ்க்கை அன்றே திசை மாறியது.

அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். எனினும் பம்பாய் அருங்காட்சியகத்தில் பணி பெற்றார். 1928இல் விடுப்பில் ஜெர்மனி சென்று பறவை நூல் பயின்றார். 1930இல் திரும்பியபோது, பணமில்லையென அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோர ஊரில் தங்கினார். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையற்ற அவர் நாள்தோறும் அவற்றைக் கூர்ந்து நோக்கினார்.

தஞ்சைத் தரணியில் வாய்க்காற்கரைப் பனைகளில் இக்கூடுகள் தொங்குவதைக் காணாத மாட்டுக்காரச் சிறுவன் உண்டோ? ஆயினும், கூட்டுக்குள் நிகழும் குடும்பச் செய்தியை அறிந்தவர் அரியர். ஆண்குருவி கூட்டைப் பாதி முடித்ததும் பெண்குருவி வந்து அதனைச் சோதிக்கும், பிடித்தாலே குடிபுகும். பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, மற்றொரு துணையைத் தேடும். இவ்வுண்மையைச் சாலிம் அலி எழுதி வெளியிட்டார். நெல்மணியைக் கவரும் இக்குருவியே தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையும் ஊட்டுகிறது. ஏர் பின்னே நடக்கும் கொக்கும், இரவில் வயலெலியைப் பிடிக்கும் கூகையும் உழவனிடம் கூலி கேளாதவை. பறவைகளால் வேளாண்மைக்கு விளையும் இத்தகைய நன்மையை ஆராய வேண்டுமென அவர் வற்புறுத்தி வந்தார்.

1939இல் தெஹ்மினா மறைந்தார். அத்துயரினிடையும் அவர் தம் பணியை விடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

பின்னர்க் கழகத்தார் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியை மேற்கொண்டனர். கோடிக்கரை அதற்குரிய முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. மெல்லிய வலையில் பிடித்த பறவையின் காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் பூட்டி, அதன் எடையையும் சிறகின் நீளத்தையும் குறித்துக்கொண்டு மீண்டும் பறக்கவிடுவர். அவ்வளையத்தை வேறு நாட்டில் எவரேனும் கண்டு பம்பாய்க்கு எழுதினால், பறவை சென்ற வழி புலனாகும். பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்து வாழ்ந்தவர் சிலர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். விற்பதற்காகப் பிடித்த கைகள், விடுவிப்பதற்காகப் பிடித்தன!

1967இல் கோடிக்கரை வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அதனால் பறவைகளோடு, அங்கே மேயும் வெளிமான்களும் காவல் பெற்றன. சாலிம் அலி 1976இல் தமக்குக் கிடைத்த பன்னாட்டுப் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கெனக் கழகத்துக்கு அளித்தார். 1987 ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில், பம்பாயில் காலமானார். கோடிக்கரைச் சதுப்பு நிலம் 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.