அகராதி தந்த பாங்க் குமாஸ்தா

ரயில்வே ஸ்டேஷன் மிட்டாய்க் கடைகளில் 'ஸ்வீட்மீட்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். இனிப்புக்கும் மாமிசத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் உணவு. எந்த உணவானாலும் சரி. அந்தப் பொருள் மறைந்துவிட்டது, போர்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி வழக்கொழிந்த சொற்களையும் பொருள்களையும் திரட்டி ஆக்ஸ்போர்டு பேரகராதியில் ஏற்றியவர் ஜேம்ஸ் முர்ரே. அவரும் நம்மைப் போல் குமாஸ்தா வேலை பார்த்தவர்தான்.

1837ல் ஸ்காட்லாந்தில் டென்ஹாம் என்ற கிராமத்தில் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு 14 வயதோடு சரி. பிறகு சொந்த முயற்சியால் பல மொழிகள் கற்று ஆசிரியரானார். கல்யாணமாகிப் பிறந்த முதல் குழந்தை இறந்தது. மனைவிக்குக் காசநோய். குளிர் ஆகாது என்று 1864ல் வேலையை விட்டுவிட்டு லண்டன் போய், சார்ட்டர்டு பாங்க் ஆப் இந்தியாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு ஆண்டே மனைவி காலமானார். பிழைக்க வந்த ஊரில் இப்படி ஒரு துக்கம்!

அப்போதும் மொழிப் படிப்பை அவர் விடவில்லை. 1866ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை கேட்டு, தெரிந்த மொழிகளையெல்லாம் எழுதி மனுப் போட்டார். கிடைக்கவில்லை. 1870ல் மீண்டும் ஆசிரியரானார். 1879ல்தான் அகராதிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பத்தே ஆண்டில் முடிப்பதாக ஒப்பந்தம்.

கூடவே வந்தன, முன்பே சேர்த்து வைத்திருந்த சுமார் இரண்டு டன் துண்டுக் காகிதங்கள்! ஒரு சொல், அது வரும் வாக்கியம், புத்தகம், ஆண்டு – இவ்வளவுதான் ஒரு துண்டில். ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அடுப்பெரிக்கப் போய்க்கொண்டிருந்தது. முர்ரே தகரக் கொட்டகை போட்டு, பலகை அறைகளில் துண்டுகளை அடுக்கினார். 1885ல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபோனபோது, பக்கத்து வீட்டுக்காரர் பார்வையை மறைக்குமென்று ஆட்சேபித்ததால், புதுக் கொட்டகையைப் பள்ளம் தோண்டி இறக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஒரே ஈரம், குளிர். அங்கேதான் முப்பது ஆண்டு உழைத்தார். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த பதினொரு குழந்தைகளும் துண்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். கடிதப் போக்குவரத்து அதிகமாகி, வீட்டு வாசலிலேயே தபால் பெட்டி வைத்துக் கொடுத்தது தபால் இலாகா.

செத்த சொல் என்று எதையும் அவர் தள்ளவில்லை. குறுவாள் போல ஒரு குறி போட்டுச் சேர்த்துக்கொண்டார். 'கேர்ள்' முன்பு ஆண் குழந்தைக்கும் பொது. 'நைஸ்' என்றால் அறிவிலி. 'கிளார்க்' என்றால் பாதிரியார்! எழுதப் படிக்கத் தெரிந்தவர் அந்நாளில் அவர்தானே. 'கிளெர்ஜி' இதற்கு உறவுச் சொல். நமது கட்டுமரம், சுருட்டு, கறி மூன்றும் ஆங்கில உருவத்தில் அவர் பார்த்த 'சி' எழுத்தில் இருக்கின்றன.

பத்து ஆண்டுக் கெடு என்ன ஆயிற்று? 1884ல் வந்த முதல் பகுதி 'ஏ' எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. சீக்கிரம் முடிக்கச் சொல்லிப் பதிப்பகத்தார் நெருக்கினர். அவசரத்துக்காக எதையும் அரைகுறையாக விட முர்ரே இசையவில்லை. 1908ல் 'சர்' பட்டம் வந்தது. 1915 ஜூலை 26ல், 'டி' எழுத்து வேலையில் இருந்தபோது காலமானார். மற்ற ஆசிரியர்கள் 1928ல் அகராதியை முடித்தனர். மொத்தம் 4,14,825 சொற்கள். ஏறக்குறைய பாதிப் பக்கங்கள் முர்ரே பார்த்தவை.