லண்டன் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் மெட்ராஸ் டாக்டர்: யார் இந்த ஜெர்டன்?

பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கலுக்கோ முதுமலைக்கோ போகணும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பெருநகரங்களில் பறவை ஆர்வலர்கள் பைனாகுலரோடு காலையில் நுழையும் இடங்களில் ஒன்று, பழைய கல்லறைத் தோட்டம். அங்கே உழவு இல்லை, கட்டடம் எழும்புவதில்லை, இரவில் வெளிச்சமும் குறைவு. வயதான மரங்களும் புதர்களும் அப்படியே இருப்பதால் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் தங்கிவிடுகின்றன.

லண்டனில் 1837-ல் தொடங்கப்பட்ட வெஸ்ட் நார்வுட் கல்லறைத் தோட்டமும் அப்படிப்பட்டதுதான். பரப்பு சுமார் 40 ஏக்கர். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்ற டாக்டர் அடக்கமானது இங்கேதான். அவர் பெயரைத் தாங்கிய ஒரு பறவைக்கும் சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீருக்கும் தொடர்பு இருக்கிறது. அது எப்படி?

மெட்ராஸுக்கு வந்தது எப்போது?

1811-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்த ஜெர்டன், எடின்பரோவில் மருத்துவம் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்து 1836-ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். படையோடு ஊர் ஊராக மாற்றல். நீலகிரி, நெல்லூர், தலச்சேரி என்று எங்கே அனுப்பினாலும் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரம் சுற்றியிருந்த உயிர்களுக்குத்தான்.

1839-லேயே தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலை மெட்ராஸ் இதழ் ஒன்றில் வெளியிடத் தொடங்கிவிட்டார். 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக வந்த அவரது பறவைப் படநூலில் 50 வண்ணப் படங்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்திய ஓவியர்களின் கைவண்ணம்.

எறும்பைக்கூட அவர் விடவில்லை. தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851-ல் வெளியிட்டார். குதித்துப் பாய்ந்து இரை பிடிக்கும் ஹார்ப்பெக்நாதஸ் சால்டேட்டர் என்ற எறும்பை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதும் அவர்தான். இன்று மரபணு ஆய்வுக்கூடங்களில் அந்த எறும்பை வளர்த்து ஆராய்கிறார்கள்.

பெரிய சாதனை எது?

1862-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான 'இந்தியப் பறவைகள்' நூல். 1,000-க்கும் மேற்பட்ட பறவை இனங்களின் தோற்றம், இருப்பிடம், பழக்கம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தந்தது. அதன் பிறகு இந்தியாவில் பறவை பார்க்கத் தொடங்கியவர்களுக்குக் கையில் ஒரு அடிப்படை நூல் கிடைத்தது. 1867-ல் பாலூட்டிகள் பற்றிய நூலும் வந்தது.

அசாமில் இருந்தபோது காய்ச்சலில் விழுந்தார். 1870-ல் இங்கிலாந்து திரும்பியவர், 1872 ஜூன் 12-ல் இறந்தார். வயது 60.

சரி, கிருஷ்ணா நீருக்கு என்ன சம்பந்தம்?

ஜெர்டன் கண்டெடுத்த ஒரு பறவையை 1848-ல் எட்வர்ட் பிளைத் புதிய இனமாக விவரித்தார். அதுதான் ஜெர்டன் கோர்சர். தெலுங்கில் கலிவி கோடி. இரவில் நடமாடும், முட்புதர்க் காட்டுத் தரையில் வாழும் சின்னப் பறவை. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போச்சு என்று நினைத்தார்கள். 86 ஆண்டுகள் கழித்து, 1986-ல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர் பரத் பூஷண் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் டார்ச் அடித்துப் பிடித்துக் கொடுத்தார்.

அந்த முட்புதர்க் காட்டை ஒட்டித்தான் சென்னைக்கும் குடிநீர் தரும் தெலுங்கு கங்கை கால்வாய்த் திட்டம் போகிறது. 2005-ல் கால்வாய் வேலையில் பறவையின் இருப்பிடம் சேதமானது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பாதை மாற்றப்பட்டது. ஆபத்து இன்னும் தீரவில்லை. மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில்தான் அது இருக்கிறது. முட்புதர் என்றாலே தரிசு, வெட்டிப் போடலாம் என்ற எண்ணம்தான் அதற்குப் பெரிய எதிரி.

களம்பூரில் என்ன பார்க்கலாம்?

ஆரணி ரோடு ரயில் நிலையம் இருக்கும் களம்பூர் போன்ற ஊர்களில் ஏரிக்கரையைத் தாண்டினால் சுற்றிலும் வயல், மனை, ரோடு. இப்படிப்பட்ட ஊர்களில் யாரும் கைவைக்காத புதர் மிச்சமிருப்பது பெரும்பாலும் இடுகாட்டுப் பக்கம்தான். அங்கே எருக்கஞ்செடி இருந்தால் இலையின் அடியைப் பாருங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடி அது. செம்போத்து, தவிட்டுக்குருவி, ஆள்காட்டி எல்லாம் கண்ணில் படலாம். புதர் உச்சியிலிருந்து பாடிக்கொண்டே எழும்பி, இறக்கையை விரித்தபடி மெல்ல இறங்கும் ஒரு பழுப்புக் குருவியைப் பார்த்தால் கவனியுங்கள். அது ஜெர்டன் புதர் வானம்பாடியாக இருக்கலாம். 1845-ல் அதை விவரித்தவரும் எட்வர்ட் பிளைத்தான்.

போகும்போது சில விஷயங்கள் முக்கியம். சாவு ஊர்வலம் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், சமாதி மேல் ஏறாதீர்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், ஈபேர்ட் தளத்திலும் பதியலாம். அடுத்த முறை சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி வந்து நின்றால், அந்தப் புதரில் என்ன இருக்கிறது என்று காட்ட ஊரில் ஒரு பட்டியலாவது இருக்கணும்.