போன ஊரில் வேர் பிடித்த வாத்தியார்

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது நான் பள்ளிச் சிறுவன். பேரையூரிலிருந்து டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக அப்பா பஸ்ஸில் கூட்டி வந்தார். கூட்டத்தையும் விளக்கு அலங்காரத்தையும் வாய் பிளந்து பார்த்ததுதான் ஞாபகம். இந்த மாநாடுகளுக்கு வித்திட்ட மனிதர் நான்கு மாதத்துக்கு முன்புதான் கண்ணை மூடியிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவரே தனிநாயகம் அடிகள்.

பிற்பாடு, நம் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கு வேலைக்குப் போனேன். வகுப்பறையில் குறை ஒன்றுமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் பிரச்சினை. அறை, சோறு, ரேடியோ, தூக்கம். வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தாலே பயம். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக்கூட ஒருதடவை கட்டிவிட்டேன். அந்த நாளில் கையில் இருந்த இரண்டு மூன்று புத்தகங்களில் அடிகளாரின் வாழ்க்கை வரலாறும் ஒன்று. அதை ஒரு பெரிய தமிழறிஞரின் கதையாக நான் படிக்கவில்லை. வேற்றூருக்கு வேலைக்குப் போன ஒரு வாத்தியாரின் கதையாகவே படித்தேன்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிறந்தவர் அவர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்து, ரோமாபுரியில் குருத்துவக் கல்வி முடித்தார். அங்கே இருந்த தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் நடத்தினார். இத்தாலியிலிருந்து வந்து தமிழனாகவே ஆகிவிட்டவர் வீரமாமுனிவர். அவர் பெயரில் இத்தாலியிலேயே நம்ம ஆட்கள் சங்கம் வைத்தது பொருத்தம்தானே!

1940-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். கடல் தாண்டி வந்தவர். இலத்தீன், இத்தாலியன், ஆங்கிலம் எல்லாம் கைவந்தவர். ஆனால் தமிழ் இலக்கியத்தில் பயிற்சி போதாது. அதை மறைத்துக்கொண்டு ஐரோப்பாவில் படித்த பெருமையில் அவர் காலம் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக உட்கார்ந்து தமிழ் படித்தார். அதோடு விடாமல் 1945-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது அவருடைய ஆராய்ச்சி. 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கி, உலகெங்கும் சிதறிக் கிடந்த அறிஞர்களை ஓரிடத்தில் எழுத வைத்தார்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்து, லண்டனில் டாக்டர் பட்டமும் பெற்று, 1961-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். அங்கே அவருக்கு முன்பே தமிழ் உணர்வு வேரோடியிருந்தது. கோ. சாரங்கபாணி முன்னின்று, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அப்பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக மக்களிடம் நிதி திரட்டியிருந்தார்கள். அடிகளார் அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றினார். 1679-இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை, வத்திக்கானில் இருந்த பிரதியிலிருந்து 1966-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

1964 ஜனவரி 7-ஆம் தேதி டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்குக் கூடியிருந்தவர்களில் தமிழில் ஈடுபாடு உள்ளவர்களை ஒன்றுசேர்த்து, வ.அய்.சுப்பிரமணியம் முதலானவர்களோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உண்டாக்கினார். பிரான்சின் ழான் ஃபிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். 1966 ஏப்ரலில் முதல் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். வந்து ஐந்தே வருடம் ஆன ஒரு வெளிநாட்டு வாத்தியாருக்கு அந்த ஊர் தன் வீட்டு வாசலையே திறந்துவிட்டது! 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம். 1980 செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் மறைந்தார்.

அவர் பாதிரியார், போன இடமெல்லாம் கோயில் இருந்தது, அவருக்கென்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மதிலுக்குள்ளேயே அவர் இருந்துவிடவில்லை என்பதுதான் விஷயம். போன இடத்தில் முதலில் மாணவரானார். பிறகு நாலு பேர் வந்து உட்கார ஓர் இடம் உண்டாக்கினார். இரண்டும் நம்மாலும் முடிகிற காரியம்தான்.

கட்டிய பெட்டியை அவிழ்த்தேன். திவேஹி மொழியின் தானா எழுத்தை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அது வலமிருந்து இடமாக எழுதுவது. நான் தப்பும் தவறுமாக எழுதியதைப் பார்த்துப் பையன் சிரிக்க, அவன் அப்பா சிரிக்க, கடைசியில் அவர்கள் வீட்டில் மீன்குழம்பும் ரொட்டியுமாக வெள்ளிக்கிழமை கழிந்தது. பிறகு என் அறை வாசலில் சாயங்காலக் கணக்கு வகுப்பு. பிள்ளைகள் வந்தார்கள், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் ரேடியோவைத் திறக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். எந்தத் தேசத்துக்கு வாத்தியாராகப் போனாலும் போங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்த ஊரில் யாரிடமாவது மாணவராக இருங்கள். ஊர் தானாக உங்களைச் சேர்த்துக்கொள்ளும்.