பறவையை உற்றுப் பார்த்த உஸ்தாத் மன்சூர்

அக்கரப்பத்தனையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் பூந்தோட்டமும் அதில் பாடும் ஒரு குருவியும் வரைந்திருந்தான். மறுநாள் பூக்கள் மட்டுமே இருந்தன. உயிருள்ளவற்றை வரையக்கூடாது என்று வீட்டில் சொன்னதால் குருவியை அழித்துவிட்டானாம். அப்போது எனக்கு உஸ்தாத் மன்சூரின் நினைவு வந்தது.

மன்சூர் முகலாயப் பேரரசர் அக்பரின் ஓவியக்கூடத்தில் வளர்ந்தவர். 1605இல் ஆட்சிக்கு வந்த ஜஹாங்கீர் அவருக்கு ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அபூர்வம் என்ற பட்டத்தை வழங்கினார். 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியையும், 1621இல் அரசவைக்கு வந்த வரிக்குதிரையையும் மன்சூர் வரைந்தார். அவ்விரு ஓவியங்களும் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பூவும் பாடும் பறவையும் சேர்ந்த படத்தைக் கண்டால் பாரசீக இலக்கியம் அறிந்தவர்கள் உடனே உட்பொருள் தேடுவார்கள். ரோஜா இறையழகு, புல்புல் அதற்காக ஏங்கும் ஆன்மா. மன்சூரின் ஓவியங்களில் முதலில் தெரிவது அந்தப் பறவையேதான். இறகின் அடுக்கு, அலகின் வளைவு, கால் விரல்களின் அமைப்பு எல்லாம் கண்ணால் கண்டபடியே இருக்கும்.

1620இல் அவர் ஜஹாங்கீருடன் காஷ்மீர் சென்றார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாகப் பேரரசரின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் வரைந்த சிவப்பு டியூலிப் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஓர் அருவியருகே, நீருக்குள் மூழ்கி வேறிடத்தில் எழும் சிறு பறவையைப் பேரரசர் கண்டார். அதன் கால் வாத்தின் கால் போல் சவ்வுள்ளதா என்று அறிய விரும்பினார். பிடித்து வந்த இரண்டில் ஒன்று உடனேயே இறந்தது, மற்றது ஒரு நாள் வாழ்ந்தது. காலில் சவ்வு இல்லை. அதன் உருவத்தை வரையும் பொறுப்பு மன்சூரிடம் வந்தது.

உயிரினங்களை வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்வது ஆசிரியனின் வேலையல்ல. ஆனால் ஒட்டகம் படைக்கப்பட்ட விதத்தையும், சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளையும் பார்க்கும்படி குர்ஆன் நம்மை அழைக்கிறது. உற்றுப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

மாணவனின் வீட்டார் சொன்னதை நான் மறுக்கவில்லை. அழித்த குருவியின் கால் என்ன நிறம் என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. உண்மையில், எனக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை இருவரும் தேயிலை மலையோரம் நின்று பார்த்தோம்.