பேராசிரியர் நரசிம்மன்: கணிப்பொறி கட்டிய தமிழர்

ஆரியசாலையில் குடியேறிய நம் முன்னோர் கணக்கையும் சரக்கையும் மனத்திலேயே இருத்தி வாணிகம் நடத்தியவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நிரல் எழுதி வாழ்கின்றனர். அத்தொழில் யாதென வீட்டுப் பெரியோர் வினவுங்கால், விளக்கிச் சொல்ல இளைஞருக்கு நா எழுவதில்லை. இம்மலரைப் படிக்கும் இரு தலைமுறையினருக்கும் பயன்படுமென்று கருதி, அத்துறைக்கு நம் நாட்டில் அடிகோலிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

அன்னார் பேராசிரியர் ஆர். நரசிம்மன். 1926-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் கற்றபின் அமெரிக்கா சென்று, கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலிலும், இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் உயர் பட்டங்கள் பெற்றார். அங்கேயே தங்கி வளமுடன் வாழ வழியிருந்தும் தாயகம் திரும்பினார். 1954-இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற் சேர்ந்தார்.

அக்காலத்தில் கணிப்பொறி வேண்டுவோர் அதனை அயல்நாட்டிலிருந்து விலைக்கு வாங்குவதே வழக்கம். கல்கத்தாவில் 1955-இல் நிறுவப்பெற்றதும் அங்ஙனம் வந்ததே. நரசிம்மனும் அவருடைய சிறு குழுவினரும் தாமே ஒன்றைக் கட்டத் துணிந்தனர். குழுவில் முன்பு கணிப்பொறி கட்டிப் பழகியவர் எவருமிலர். ஆயினும் 1956-இல் மாதிரிப் பொறி இயங்கிற்று. மாநில எல்லைகள் மாறி, கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர, நாம் கேரளத்தில் நின்றுவிட்ட அதே ஆண்டு அது! 1960-இல் முழுப்பொறியும் பணிக்கு வந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிப்ராக் எனப் பெயர் சூட்டினார்.

அப்பொறியின் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 40 இருமக் குறிகளால் ஆயது. அஃதாவது 81,920 குறிகளே அதன் முழுச் செல்வம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் நூறு மடங்குக்குமேல் இடங்கொள்ளும். நினைவகத்தைக் கடையின் மேசை எனக் கொள்க. கிடங்கில் எத்துணைச் சரக்கிருப்பினும், மேசைமேல் வந்ததையே எடைபோட்டு விற்கலாம். மேசை சிறிதாயின் எதனை எடுப்பது, எதனை அகற்றுவது என்று நொடிதோறும் எண்ணவேண்டும். அந்நாளில் நிரல் எழுதியோர் இச்சிக்கனத்திலேயே தேர்ந்தனர்.

கட்டளைகளின் வரிசையே நிரல். அதுவும், அது கையாளும் எண்களும் நினைவகத்திலேயே தங்கும். பொறி ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, பொருளறிந்து, செய்து முடித்து, விளைவைத் திரும்ப வைக்கும். இதுவே நிரலின் இயக்கம். டிப்ராக்கின் கட்டளைகளைப் பொறியின் மொழியிலேயே, எண்களைப்போல எழுதவேண்டியிருந்தது. மனிதர்க்கு எளிய மொழியில் எழுதியதைப் பொறிமொழியாக்கும் கம்பைலர் என்னும் நிரல் பின்னரே பரவிற்று. 1964-இல் அக்கழகத்திற்கு வந்த சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறியில் போர்ட்ரான் மொழிக்கு அவ்வசதி இருந்தது.

இவ்வேறுபாடு நமக்கு எளிதிற் புலனாகும். தமிழில் எழுதிய பத்திரம் முழுவதையும் ஒருமுறை மலையாளத்தில் பெயர்த்துக்கொண்டால், பிறகு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கம்பைலர் செய்வது அதுவே. அலுவலகத்தில் உடன்நின்று வாக்கியந்தோறும் பெயர்த்துச் சொல்லும் துபாஷியை ஒத்தது இன்டர்பிரெட்டர் என்னும் மற்றொரு முறை. அவர் இல்லாமல் பேச்சு நடவாது. இலக்கணப் பிழையைக் கம்பைலர் மொழிபெயர்க்கும்போதே காட்டிவிடும். கருத்துப் பிழையோ இயக்கத்தின்போதுதான் வெளிப்படும். அதற்குப் பொறுப்பு எழுதியவனே.

1961 முதல் 1964 வரை இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில், மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படங்களுக்கும் இலக்கணம் வகுத்துப் பொறியால் அவற்றை ஆராய்வதில் நரசிம்மன் முன்னோடியாக விளங்கினார். மீண்டும் நாடு திரும்பி, 1965-இல் தோன்றிய இந்தியக் கணிப்பொறிக் கழகத்தின் முதல் தலைவரானார். கணிப்பொறிகளைப் பராமரிக்க அரசு நிறுவிய சி.எம்.சி. நிறுவனத்திற்கும் அவரே முதல் தலைவர். 1977-இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது. பிற்காலத்தில் குழந்தை மொழி பயிலும் திறத்தை ஆராய்ந்து நூல்கள் இயற்றினார். பொறிக்கு ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கூறவேண்டியிருக்க, மழலை தானே கற்றுக்கொள்ளும் விந்தை அவர் உள்ளத்தை ஈர்த்தது போலும். 2007-இல் அவர் மறைந்தார்.

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் சென்ற இடத்தில், அவ்விடத்திற்கே ஒரு துறையை ஆக்கித் தந்தவர் அவர். நம் பிள்ளைகளுக்கு இன்று நினைவகம் மலிந்துவிட்டது. ஆயத்தமான கருவிகளும் நிரம்பிவிட்டன. எனினும் கருவியை இயக்குவதோடு அமையாது, அதனுள் நிகழ்வதை அறிய முயல்வாராயின், அப்பெரியாரின் வழியில் நடப்பவராவர். வீட்டில் தாத்தா வினவுங்கால் விடைகூறவும் இயலும்!