டூரோ ஆற்றுப் பிரபு

தெளிந்த மதுவைத் தேறல் என்பது நந்தமிழ் வழக்கு, தேறுதலாவது தெளிதல். மரப்பீப்பாயிற் பல்லாண்டு கிடந்து, செம்மை குன்றிக் கபில நிறமெய்தித் தேறும் மதுவொன்று போர்த்துக்கல் நாட்டில் உண்டு. அதனை டோனி போர்ட் என்பர். ஒவ்லி என்னும் பழைய வணிக இல்லத்தார் அவ்வகை மதுவைப் பொரெஸ்ரர் பிரபு என்னும் பெயர் பொறித்து விற்றனர். அப்பிரபுவோ, உயிரோடிருந்த காலத்துப் போர்ட் மதுவிற் பிராந்தி கலத்தலை வன்மையாகக் கடிந்தவர். பிராந்தி இன்றேல் டோனி இல்லை. இம்முரண்பாடே அவர் வரலாற்றின்பால் என்னை ஈர்த்தது.

ஜோசப் ஜேம்ஸ் பொரெஸ்ரர் 1809 இல் இங்கிலாந்தின் ஹல் நகரிற் பிறந்தார். 1831 இல், தம் தந்தையின் உடன்பிறந்தார் பங்காளராயிருந்த அவ்வணிக இல்லத்திற் சேரப் போர்த்தோ நகருக்கு வந்தார். கணக்கேட்டோடு அமைந்துவிடும் இயல்பினர் அல்லர் அவர். டூரோ ஆற்றின் வழியே மேலேறி, முந்திரிகைக் கொடி படரும் செங்குத்தான கற்சரிவுகளிற் குடியானவரோடு கலந்து பழகினார். ஸ்பானிய எல்லையிலிருந்து கடல் வரை ஆற்றைத் தாமே அளந்து, விரைநீரும் பாறையும் குறித்து, 1848 இற் படமாக வெளியிட்டார். ஓவியத்திலும் வல்லவர். 1855 இற் போர்த்துக்கல் அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது.

அவர் தொடுத்த பூசலை விளங்கிக்கொள்ள மதுவாக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மிதித்துப் பிழிந்த சாறு புளித்துக்கொண்டிருக்கையில் இடைநடுவே பிராந்தியை வார்ப்பர். இக்காலத்து அளவு, நான்கு பங்கு சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. அவ்வளவிற் புளித்தல் நின்றுவிடும், இனிப்பு எஞ்சும், வெறியும் மிகும். பொரெஸ்ரர் காலத்திலோ இதனோடு நில்லாது, நிறங்கூட்ட எல்டர் என்னும் செடியின் கனியையும், இனிப்புக்குச் சர்க்கரையையும் சேர்த்தோர் பலர். 1844 இல் அவர் தம் பெயரிடாது ஒரு சிறு நூல் எழுதி இவற்றையெல்லாம் வெளிப்படுத்தினார். முழுதும் புளித்த தூய முந்திரிகை மதுவே போர்ட் எனத்தக்கது என வாதித்தார். எழுதியவர் யார் என்பது நெடுநாள் மறையவில்லை. உடன்வணிகர் வெகுண்டனர், குடியானவர் பலர் அவர் பக்கம் நின்றனர். தாம் உண்ணும் சோற்றுக்கு வழியான தொழிலின் கரவைத் தாமே அம்பலமாக்குதல் எளிதன்று.

ஆயினும் பிராந்தி பற்றிய வழக்கில் அவர் தோற்றார். கலப்படத்தைக் கடிந்ததில் அவர் கூற்றே நேர் என்பது என் துணிபு. பிராந்தியை முற்றும் விலக்கியதில் அவ்வாறு சொல்லேன். அதன் வலிமையும் எஞ்சிய இனிப்புமே மதுவை நாற்பதாண்டு மரத்திற் கெடாது கிடக்கச் செய்கின்றன. மரத்தின் நுண்டுளைவழி ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிப்போக, எஞ்சியது செறியும். வற்றற்கனியும் வறுத்த கொட்டையும் போன்ற மணம் பிறக்கும். சற்றே குளிர்வித்துச் சிறு கிண்ணத்திற் சிறிது சிறிதாகப் பருகுவதே முறையென்பர். பத்து, இருபது, முப்பது, நாற்பது ஆண்டு எனப் புட்டியிற் பொறிப்பது, பல வயதினவற்றைக் கலந்து அமைத்த தன்மையைக் குறிக்கும். மது அருந்தும் வழக்கம் எனக்கில்லை, கற்றதையே கூறுகின்றேன். இடையே ஒன்று: பீப்பாய் என நாம் வழங்கும் சொல், போர்த்துக்கேயரின் பீப்பா என்பதன் திரிபே.

பொரெஸ்ரர் விரும்பிய பிராந்தியில்லா மதுவும் பிற்காலத்து அப்பள்ளத்தாக்கிற் புகழ்பெற்றது. 1952 இற் செய்யப்பட்ட பார்க்கா வெல்யா அதற்கு முன்னோடி.

1861 மே 12 ஆம் நாள், டொனா அந்தோனியா பெரெய்ரா என்னும் பெருந்தோட்டக்காரியின் வெசூவியோ மனையில் விருந்துண்டு, அவ்வம்மையாரோடு ஆற்றிற் படகேறித் திரும்பினார். வலெய்ரா என்னுமிடத்து விரைநீரிற் படகு கவிழ்ந்தது. அகன்ற பாவாடை காற்றேற்று மிதந்தமையால் அம்மையார் பிழைத்தார் என்பர். குடியானவருக்குக் கொடுக்கவென இடையிற் கட்டியிருந்த பொற்காசு பொரெஸ்ரரை ஆழ்த்தியது என்பர். பிரபுவின் உடல் கிடைக்கவேயில்லை. அவர் தம் படத்திற் குறித்த அவ்விரைநீரும் இன்றில்லை. 1976 இற் கட்டிமுடித்த அணையின் நீர் அதனை மூடிவிட்டது.