திக்கிப் பேசிய பேச்சுச் சிகிச்சையாளர்

அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சையை ஒரு கல்வித்துறையாக வளர்த்தவர்களுள் வெண்டல் ஜோன்சன் முக்கியமானவர். அவருக்கே வாய் திக்கும்.

1906இல் கன்சாஸ் மாநிலத்தின் ரொக்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்தாறு வயதில் திக்கல் தொடங்கியது. ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் திக்குவாயை ஆராய்கிறார்கள் என்றறிந்து 1926இல் அங்கே சென்றார். படிக்கவும் சென்றார், குணம் தேடியும் சென்றார். மூளையின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று போட்டியிடுவதால்தான் நாக்குத் தடுமாறுகிறது என்று அங்கே அப்போது நம்பினார்கள். ஆகவே அவரை இடக்கைப் பழக்கத்துக்கு மாற்ற, வலக்கையைப் பிளாஸ்டர் போட்டுக் கட்டினார்கள். நல்ல கையைக் கட்டிக்கொண்டு விரிவுரைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்! ஆண்டுக்கணக்கில் இடக்கையைப் பழக்கியும் திக்கல் போகவில்லை. ஆனாலும் 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே கற்பிக்கவும் சிகிச்சை அளிக்கவும் தொடங்கினார்.

சிறு பிள்ளைகள் எல்லோரும் சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். பெற்றோர் அதைக் குறையென்று பெயரிட்டுத் திருத்தப் போக, பயந்த பிள்ளை உண்மையாகவே திக்கத் தொடங்குகிறது என்பது அவர் கொள்கை. என் தம்பியும் திக்குவான். தான் ஏசியதால்தான் இப்படி ஆனானோ என்று உம்மா பல காலம் கவலைப்பட்டார். பரம்பரையும் மூளையின் அமைப்புமே பெருங்காரணம், பெற்றோர் அல்லர் என்று இன்றைய ஆய்வாளர்கள் கூறுவதை வாசித்துக் காட்டியபோதுதான் அவர் முகம் தெளிந்தது. எனினும் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பதை விட்டு, என்ன சொல்கிறது என்று கேட்கும்படி ஜோன்சன் பெற்றோருக்குக் கூறிய அறிவுரை இன்றும் பயன்படுகிறது.

அந்தக் கொள்கையைச் சோதிக்க 1939இல் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லமொன்றில், அவரது மேற்பார்வையில் முதுமாணி மாணவி ஒருவர் 22 பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை செய்தார். நன்றாகப் பேசிய ஆறு பேரிடம், அவர்களுக்குத் திக்குவாய் வருகிறது என்றும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேச வேண்டாம் என்றும் மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயராகவில்லை, ஆனால் பேசவே கூசினார்கள். அந்தக் கூச்சம் எப்படியிருக்கும் என்று ஜோன்சனை விட நன்றாக அறிந்தவர் யார்? அதற்காகப் பரிந்து பேச அப்பிள்ளைகளின் பக்கத்தில் யாருமில்லை.

ஆய்வேடு அச்சேறாமல் நூலகத்தில் கிடந்தது. ஜோன்சன் 1965இல் காலமானார். பல்கலைக்கழகத்தின் பேச்சு, செவிப்புலன் நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 2001இல் பத்திரிகையொன்று பரிசோதனையை வெளிப்படுத்த, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வழக்கின் முடிவில், 2007இல் ஐயோவா மாநிலம் 925,000 டொலர் நட்டஈடு வழங்க இணங்கியது. அந்தப் பிள்ளைகளில் உயிரோடிருந்தவர்கள் அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார்கள்.